படிவத்தில் இல்லாத கேள்வி

எங்கள் தெருத் தையல்காரம்மாவின் தங்கையைக் கொன்றவன், அவள் கணவனே. ஆயுள் தண்டனை பெற்றான். உடலை எங்கே மறைத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் பன்னிரண்டு ஆண்டுகள் மூடியே வைத்திருந்தான்.

அதன்பின் அவனை முன்கூட்டியே விடுவிப்பது குறித்த விசாரணைக்கு அந்த அம்மாவை அழைத்தார்கள். சிறை அதிகாரி கோப்பைப் புரட்டி அவனுடைய நன்னடத்தையை அடுக்கினார்: சண்டையில்லை, சச்சரவில்லை, தோட்ட வேலையில் பரிசு. மண் வெட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லையாம்.

"நல்லா வெட்டுவான்னு எனக்கும் தெரியும் சார். எங்க வெட்டினான்னுதான் கேக்குறேன்."

அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை என்றார் குழுத் தலைவர். சட்டம் கேட்கச் சொல்லாததைத் தாம் கேட்க இயலாதாம். ரோஜாச் செடிக்கு இடமிருந்த கோப்பில் செத்தவளுக்கு ஒரு வரி இல்லை.

விடுதலை அவ்வாண்டு தள்ளிப்போயிற்று. இடத்தைச் சொல்லாதவனுக்கு விடுதலை கூடாது என்ற மனுவோடு அம்மா நான்காண்டுகள் படியேறி இறங்கினார். ஊசி பிடிக்கும் கைக்குச் சட்டம் எதற்கு என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் சிரித்தார். பொத்தான் இல்லாத சட்டையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று அம்மா கேட்டுவிட்டு வந்தார். சட்டம் திருத்தப்பட்டது.

பதினாறு ஆண்டுகள் சொல்லாதவன் அடுத்த விசாரணையில் பத்தே நிமிடத்தில் சொன்னான், கடைக்கு வழி சொல்வதுபோல்: வீட்டுப் பின்புறம், துவைக்கல்லுக்கு அடியில்.

தங்கை காணாமல்போன புதிதில், மனைவியைத் தேடி அலைகிறானே என்று இரங்கி, இரண்டு மாதம் அவன் சட்டைகளை அந்தக் கல்லில்தான் அம்மா துவைத்தார். நாள்தோறும் துணி துவைக்கும் இடமென்று காவலர்களும் அதைத் தோண்டாமல் விட்டார்கள். பின்வாசலில் நின்று அவன் சொல்வானாம்: "காலர்ல அழுக்கு இன்னும் போகலக்கா."

தங்கையை அடக்கம் செய்தபின் குழு மீண்டும் கூடியது. கைதி ஒத்துழைத்துவிட்டார், ஆட்சேபம் உண்டா என்றார் தலைவர்.

"சொல்லலன்னா விடக்கூடாதுன்னுதான் சட்டம். சொன்னா விட்டே ஆகணும்னு இல்ல. எனக்கு ஆட்சேபம் இருக்கு, எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள், விடவில்லை. தோட்டத்திலிருந்து மட்டும் அவனை மாற்றிவிட்டார்கள்.

இப்போது சலவைப் பிரிவில் இருக்கிறானாம். அங்கேயும் நல்ல பெயராம்.