அமலி அக்காவுக்குத் திறக்காத கதவுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில்தான் செய்தி மலைக்கு மேலே வந்தது. நடத்துநர் படியில் நின்றபடியே கேட்டார்.

"ஏனுங்க, அந்தக் காலேஜுப் புள்ள நேத்து யாரு ஊட்டுக்கு வந்துச்சு? கீழ வளைவுல லாரி அடிச்சுக் கெடந்துச்சு. உசுரு இல்லீங்க."

நிறுத்தத்தில் மிளகு மூட்டைகளோடு பத்துப் பேராவது இருந்தார்கள். "யாரு ஊட்டுலயும் தங்குலீங்களா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். எல்லாரும் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். நானும் குடத்தோடு அங்கே நின்றிருந்தேன். நானும் பேசவில்லை.

இன்று இந்தப் படத்திறப்பில் மாணவியர் சார்பில் படிக்கச் சொல்லித் தலைமையாசிரியர் ஒரு தாள் கொடுத்தார். அமலி அக்கா எங்களுக்குச் சுகாதாரம் கற்றுக்கொடுத்தார் என்றும், விதி அவரைப் பறித்துக்கொண்டது என்றும் அதில் இருக்கிறது. அதை நான் படிக்கப் போவதில்லை. இது மூன்று இரவுகளாக, அப்பா தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச் அடித்து நான் எழுதியது. படிக்கும்போது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பயமாகத்தான் இருக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப் பெயர் அமலோற்பவம். மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் வரலாறு படித்தார். அந்தக் கல்லூரி மாணவிகள் வருடா வருடம் சேவை முகாமுக்கு எங்கள் ஊருக்கு வருவார்கள். பத்து நாள் தங்கி, இத்தனை மணி நேரம் சேவை செய்தால் சான்றிதழ் உண்டு. தொப்பியில் 'சமூக நீதிக்காக' என்று அச்சடித்திருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அமலி அக்கா முதல் முறை வந்தபோது நான் எட்டாம் வகுப்பு. ஆளுக்கு ஒரு வீடு என்று பிரித்ததில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் வந்தவரை அம்மா களிச் சட்டியின் முன் உட்கார வைத்தார். அக்கா களியை வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

"மெல்லக் கூடாது சாமி. முழுங்கோணும்."

"முழுங்குனா செத்துருவேன்னு எனக்குப் பயமா இருக்குங்க அம்மா."

"எங்க ஊட்டுக் களிய முழுங்கி ஆரும் செத்ததில்ல. மென்னவங்கதான் பசியில செத்தாங்க."

அன்று அம்மா சிரித்ததுபோல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்ற அக்காக்கள் வாசலூர்பட்டி ஏரியில் படகு விடப் போனார்கள். அமலி அக்காவும் போனார். திரும்பி வந்து, "நாலு பேரும் நாலு பக்கம் துடுப்புப் போட்டோம், படகு நின்ன எடத்துலயே சுத்துச்சு" என்று சொன்னார். அவரை நல்லவர், தெய்வம் என்றெல்லாம் இன்று சொல்வீர்கள். அவர் காலையில் எழவே மாட்டார். கழிவறை கழுவும் முறை வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வார். அவரை எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருட முகாமில் அவரைப் பள்ளிக்கூட வேலைக்குப் போட்டார்கள். ஆசிரியர் குறைவு என்பதால் ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை அவரிடம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மாலை என்னிடம் கேட்டார்.

"கோமதின்னு ஒரு புள்ள உங்க வகுப்புலயா?"

"ஆமாங்கக்கா. ஆனா அவ மில்லுக்குப் போயிட்டா. ஆடி மாசமே போயிட்டா."

"பதிவேட்டுல தினமும் வந்திருக்காளே."

கோமதி மட்டும் இல்லை. ஏழு பெயர்கள் அப்படி இருந்தன. ஏழு பேரும் கீழ்நாட்டு நூல் மில்லில், விடுதிக்குள், வீட்டுக்கு வர முடியாமல் இருந்தார்கள். கோமதியின் அம்மா இரண்டு முறை போய், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் முறை கோமதி மாடி ஜன்னலிலிருந்து கையை மட்டும் காட்டினாளாம். பெண் பிள்ளைகளை வேனில் ஏற்றி அந்த மில்லுக்கு அனுப்புகிறவர் ரங்கராசு மாமா. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கும் சிக்கல். அதனால் பதிவேட்டில் அவர்கள் தினமும் வந்துகொண்டிருந்தார்கள்.

முகாமுக்கு வருடா வருடம் அரிசி கொடுத்தவரும் ரங்கராசு மாமாதான். கல்லூரி அக்காக்களே, நீங்கள் பத்து நாளும் சாப்பிட்டது அவர் அரிசி. அருட்தந்தை அவர்களே, ஒவ்வொரு வருடமும் நிறைவு விழாவில் அவருக்கு நீங்கள் பொன்னாடை போர்த்தினீர்கள்.

போன வருடம் அந்தப் பொன்னாடையைப் போர்த்தும் வேலையை அமலி அக்காவுக்குக் கொடுத்தார்கள். அவர் மைக் முன்னால் வந்து, பொன்னாடையை மேசைமேல் வைத்துவிட்டு, பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசித்தார். நாங்கள் பழக்கத்தில் "உள்ளேன் அக்கா" என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். கோமதி பெயர் வந்தது. யாரும் எழவில்லை. அக்கா இரண்டாம் முறை வாசித்தார். கடைசி வரிசையிலிருந்து கோமதியின் அம்மா எழுந்தார்.

"அவ மில்லுல இருக்கறா சாமி."

அடுத்த பெயருக்கு அடுத்த அம்மா எழுந்தார். "எம்புள்ளயும் அங்கதான்." பட்டியலில் இல்லாத ஒரு பிள்ளையின் பாட்டிகூட, "எங்க ஊட்டுப் பேத்தியையும் கூப்புடு கண்ணு, அவளையும் கூட்டிப் போயிட்டானுங்க" என்று கத்தினார். மைக்கை அணைத்துவிட்டார்கள். ரங்கராசு மாமா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொன்னாடையைத் தானே எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு கல்லூரியிலிருந்து ரங்கராசு மாமாவுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். அமலி அக்காவைச் சேவைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். சான்றிதழும் இல்லை. அக்கா அதை எங்களிடம் வேறு மாதிரி சொன்னார்.

"ஃபாதர் கூப்ட்டாரு. 'சேவை வேறம்மா, சண்டை வேற'ன்னாரு. சரிங்க ஃபாதர், சேவையை நீங்க வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பிறகு தொப்பி இல்லாமல், தனியாக, சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தார். ஒவ்வொரு அம்மாவிடமும் உட்கார்ந்து, பெண்ணின் பெயர், வயது, போன நாள், கடைசியாகப் பேசிய நாள் என்று எழுதி வாங்கிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். ஏழு அம்மாக்களில் ஆறு பேர் வைத்துவிட்டார்கள். ஏழாமவர் கோமதியின் அம்மா. ரங்கராசு மாமா நிலத்தில் வேலை செய்கிறவர். அவரும் வைத்துவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுப்பது என்று திட்டம். இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் வேன் வரும் என்று ரங்கராசு மாமா எங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வேனில் எனக்கும் இடம் உண்டு.

கடைசிச் சனிக்கிழமை மாலை கோமதியின் அம்மா கைநாட்டு வைத்தார். அது ஒரு மணி நேரத்தில் ரங்கராசு மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி பஸ் போனபிறகுதான் அக்கா நிறுத்தத்துக்கு வந்தார். ஜீப்காரர்கள் இரண்டு பேர் இருந்தும் வண்டி எடுக்க மாட்டோம் என்றார்கள். அதற்கு முன்பே எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டுப் போயிருந்தது. எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் புள்ள காயிதத்தோட வருது. ஆரும் உள்ள சேக்க வேண்டாம்னு தலைவரு சொல்லச் சொன்னாருங்க."

அக்கா எங்கள் கதவைத் தட்டினார். நான் எழுந்தேன். "தொறந்தீன்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றார் அப்பா. அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன்பு அதே அடுப்புக்குப் பக்கத்தில்தான் அக்காவைப் படுக்க வைத்தார்.

நான் மாட்டுக்குத் தண்ணீர் வைப்பதாகச் சொல்லி, வீட்டோடு சேர்ந்த பின்பக்கக் கொட்டகைக்குள் போனேன். அக்கா அங்கே வந்து ஜன்னல் கம்பிக்குள் ஒரு கவரை நீட்டினார்.

"நீ தொறக்க வேண்டாம் கண்ணு. இத மட்டும் வாங்கிக்க. வழியில புடுங்கிட்டாங்கன்னா மறுபடியும் அவங்ககிட்டக் கைநாட்டுக் கேக்க முடியாது."

"எங்கக்கா போவீங்க?"

"இன்னும் ரெண்டு வீட்டைத் தட்டிப் பாக்கறேன். இல்லன்னா நடந்து போறேன். கீழ எதாச்சும் வண்டி வரும்."

வண்டி வந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி. அந்த ஓட்டுநர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பனியில் அவருக்குக் கண் தெரியவில்லை. எங்கள் ஊருக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து ரங்கராசு மாமா அந்தக் காகிதத்தைத் தேடினார். அக்காவின் பையைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டு, தலையைத் தடவி, "உங்கிட்ட எதாச்சும் குடுத்துச்சா சாமி?" என்று கேட்டார். இல்லீங்க மாமா என்றேன். அது அப்போது தீவனப் பானைக்கு அடியில் இருந்தது. இப்போது அங்கே இல்லை. யாரும் போய்த் தோண்ட வேண்டாம்.

புதன்கிழமை அமலி அக்காவின் அம்மா அந்த வளைவைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைத்து அவர் கையில் கவரைக் கொடுத்தேன். "இதுக்காகத்தான் வந்துட்டு வந்துட்டுப் போனாளா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். சேலைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

இன்று திங்கட்கிழமை. மேடையில் அவருக்குப் போட்ட நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் நாமக்கல்லில் ஆட்சியர் அலுவலக வரிசையில் நிற்கிறார். ஏழு அம்மாக்களின் தாள்களுக்குப் பின்னால் எட்டாவதாக ஒரு தாள் இருக்கிறது. அது நான் எழுதியது. சனிக்கிழமை மாலை வீடு வீடாக வந்து சொன்ன ஆள் யார், யார் சொல்லி அனுப்பியது, ஜீப் எடுக்க மறுத்த இரண்டு பேர் யார், எந்தெந்த வீடு திறக்கவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கிறேன். முதல் பெயர் எங்கள் அப்பாவுடையது. அடுத்தது என்னுடையது. தண்டனை என்றால் எங்களுக்கும் வரட்டும்.

ரங்கராசு மாமா அவர்களே, தலைமை நாற்காலியிலிருந்து எழுந்து போக வேண்டாம். மாலை போட்டுவிட்டுப் போங்கள். அந்தப் படத்தின் முகத்துக்கு நேராக நின்று உங்கள் கையாலேயே போடுங்கள். அதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அமலி அக்கா, நீங்கள் கவரைக் கொடுத்த பிறகும் நான் ஜன்னலைவிட்டுப் போகவில்லை. நீங்கள் எங்கள் வரிசையில் ஆறு கதவு தட்டினீர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, "பரவால்லீங்க, நான் வாரேன்" என்று சொன்னீர்கள். பிறகு துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினீர்கள். ஆறு முறை பரவாயில்லை என்று சொல்ல உங்களுக்கு மனம் இருந்தது. எனக்கு ஒரு முறைகூடச் சொல்ல வரவில்லை. வரவும் வேண்டாம். போய் வாருங்கள் அக்கா.

செ. பூங்கொடி,
பத்தாம் வகுப்பு.