தாடையை மறைத்த விரல்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவியே கண் கெட்டவனிடம் இருட்டைப் பற்றி யார் கதைவிடுவது? நம்பினால் நம்புங்கள், இனிமேல் இதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம், திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே உதவியாளனாக இருந்தேன். ஃபிலிம் கிடைப்பது குதிரைக் கொம்பு. வளவனூரிலிருந்து அஞ்சலை என்று நடவு வேலை செய்கிற பெண் ஒருத்தி, கீழ்த்தாடை வீங்கி, பட்டப்பகலில் தனியாக வந்தாள். கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால், பல்வேருக்குக் கீழே, எல்லோர் படத்திலும் ஒரு கரும்புள்ளி விழும். நரம்பு வெளியே வருகிற துளை அது. நோய் எலும்பை அரித்திருந்தாலும் அங்கே கருப்பாகத்தான் தெரியும். துளை என்றால் பல்லைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம், அரிப்பு என்றால் மதராசுக்குப் போக வேண்டும்.

அப்போதெல்லாம் ஃபிலிமை வாய்க்குள் வைத்து நோயாளியே விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த விரல் ஃபிலிமுக்குப் பின்னால் இருப்பதால் படத்தில் விழாது. கழுவிப் பார்த்தால், சரியாக அந்தப் புள்ளியை மறைத்துக்கொண்டு ஒரு விரல் எலும்பு, வெளியிலிருந்து யாரோ கன்னத்தில் கை வைத்த மாதிரி. டாக்டர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். இரண்டாம் முறை அவளுடைய மறு கையை மடியில் வைக்கச் சொல்லி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் வேறு யாருமில்லை. மறுபடியும் அதே விரல், நுனி கோணலாக.

அஞ்சலை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். “இது எங்கம்மா வெரலு சார். அறுப்புல கருக்கருவா பட்டு கோணிக்கினு போச்சு. எனக்குப் பல்லு வலிச்சா இப்பிடித்தான் கன்னத்த மூடிக்கினு ஒக்காந்திருக்கும். செத்து மூணு வருசம் ஆவுது.”

எனக்குப் பயத்தைவிட அலுப்புதான் வந்தது. “இன்னும் ஒரே ஃபிலிம்தாம்மா இருக்குது, என் வேல பூடும். ஒங்கம்மாவ கைய எடுக்கச் சொல்லு” என்றேன்.

“யம்மா, கொஞ்சம் கைய எடு. சாரு பாக்கட்டும்.”

மூன்றாவது படம் பளிச்சென்று விழுந்தது. துளையைச் சுற்றி எலும்பு பாதி இல்லை. மதராசுக்கு அனுப்பினோம், அவள் உயிரோடு திரும்பவில்லை. கையை எடுக்கச் சொன்னவன் நான்தான், அது இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

இப்போது எனக்கே தாடையில் வலி. போன வாரம் விழுப்புரத்தில் படம் எடுத்தவர், “கன்னத்துல கைய வச்சிட்டீங்களா பெரியவரே? வெரல் விழுந்துகீது. இன்னொன்னு எடுத்துடலாம்” என்றார். என் கை இரண்டும் மடியில்தான் இருந்தன. படத்தை வாங்கிப் பார்த்தேன், நுனி கோணல். “வேணாம்பா, அது அங்கியே இருக்கட்டும்” என்று எழுந்து வந்துவிட்டேன்.