கோபத்துக்கு இடம் வயிறு

முதியோர் இல்லத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தரை துடைக்கச் சேர்ந்தவள், பராமரிப்புப் பயிற்சியையும் முடித்துவிட்டாள். படுக்கையில் கிடப்பவரை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. ஆனால் மாடி வார்டில் இருந்தவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் அங்கே வேலை. ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. இந்தத் தடவையும் போனால் கடைசி வரை வாளியும் துடைப்பமும்தான்.

இல்லத்து ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பெடுத்த டீச்சருக்கு அவள் மகள் வயது. "ஹௌ டூ யூ ஃபீல்?" என்று கேட்டால் பெரியக்கா டக்கென்று, "டெம்பரேச்சர் நார்மல், பல்ஸ் நார்மல்" என்பாள். அவள் மட்டுமல்ல, வகுப்பே அப்படித்தான். நோயாளியின் நிலவரத்தை ஒப்பித்தே பழகிய வாய்கள்.

"அக்கா, நான் பேஷண்ட்டைப் பத்திக் கேக்கல. உங்க மனசைக் கேக்கறேன்."

"அதை எங்க வீட்டுல தமிழ்லயே யாரும் கேட்டதில்லம்மா. பதில் எங்க இருந்து வரும்?"

"என் சம்சாரம் கேக்காமலே சொல்லுவா," என்றார் பின் பெஞ்சிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர்.

டீச்சர் போர்டில் அழுகிற முகம், சிரிக்கிற முகம் என்று வரைந்து பார்த்தாள்.

"எல்லாம் பல்வலிக்காரன் மாதிரியே இருக்கு," என்றாள் பெரியக்கா.

டீச்சர் எல்லாவற்றையும் அழித்தாள். சுவரில் தொங்கிய உடற்கூறு படத்தைக் கழற்றி வந்து முன்னால் சாய்த்து வைத்தாள்.

"நேத்து உங்க மருமக மேல கோவம்னு சொன்னீங்களே, அது உடம்புல எங்க வந்துச்சு? தொட்டுக் காட்டுங்க."

பெரியக்கா யோசிக்கவே இல்லை. படத்தின் வயிற்றில் விரலை வைத்தாள். "இங்கதான். பத்திக்கிட்டு எரிஞ்சுது."

"அது ஆங்க்ரி."

"நெஞ்சை அடைக்குமே?"

"அது சேட்."

"கை கால் ஓடாம நிக்கறது?"

"ஸ்கேர்ட்."

"அடிவயிறு கலங்குறது?"

"அதுவும் ஸ்கேர்ட்தான்."

"பயத்துக்கு ரெண்டு வீடா? வசதியான ஆளுதான்," என்றார் டிரைவர். அவரும் எழுந்து வந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று படத்தைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. அன்றைக்கு யார் வாயிலும் காய்ச்சல் பேச்சு வரவில்லை.

தேர்வன்று இல்லத்தின் தலைமைச் செவிலியான மேட்ரனே நோயாளியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டார். குளிக்க மறுக்கும் கிழவியாக நடிப்பு. "நோ பாத்! கோ அவே!" என்று கத்தி, துண்டைத் தூக்கி எறிந்தார்.

பெரியக்காவின் கை பழக்க தோஷத்தில் நாடியைத் தேடிப் போனது. மேட்ரன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தவள் ஆளை நன்றாகப் பார்த்தாள். கோபக்காரி என்றால் எழுந்தல்லவா வருவாள்? இவளோ காலைச் சுருட்டிக்கொண்டு கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருக்கிறாள். பெரியக்கா துண்டை எடுத்து மடித்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யூ நாட் ஆங்க்ரி. யூ ஸ்கேர்ட். பாத்ரூம் ஸ்லிப்பரி. மீ ஆல்ஸோ ஸ்கேர்ட். ஐ ஹோல்ட் யூ. ஸ்லோ, ஸ்லோ."

மேட்ரன் நடிப்பை மறந்து, கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"இலக்கணம் நொண்டுது," என்றார் தமிழில். "அது போகப் போக நடக்கும். காலையில இருந்து வந்தவங்க எல்லாம் 'டோண்ட் ஒர்ரி, டோண்ட் ஒர்ரி'ன்னு என்னைத் தரதரன்னு இழுக்கத்தான் பாத்தாங்க. நீங்க திங்கட்கிழமை மாடிக்கு வந்துடுங்க. வேற எதாவது கேக்கணுமா?"

"யூனிஃபார்ம் தொளதொளன்னு வேணும் மேடம். இறுக்கமா இருந்தா குனிஞ்சு ஆளைத் தூக்க வராது."

"தையல்காரருக்குச் சொல்லி அனுப்பறேன், போங்க."

பெரியக்கா போகவில்லை. தையல்காரர் டேப்போடு வந்து அளவெடுக்கும் வரை, தோளை நிமிர்த்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.