பாதையோரம் தூவிய உப்பு

அத்திப்பட்டில் எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து வாசல்வரை வண்டி வரும் பாதையின் இருபுறமும் அறுகும் நெருஞ்சியும் மண்டிக் கிடக்கும். என் நாத்தனாரைப் பெண் பார்க்க மறுநாள் காலை வருகிறார்கள் என்று தகவல் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கணவருக்கு உப்பளத்தில் வேலை. வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும் உப்பு மூட்டை இருக்கும். விடிவதற்குள் புல் கருகிவிடும் என்று நம்பி, பாதையோரம் முழுக்க உப்பை வாரி இறைத்தேன்.

காலையில் கார் ஹாரன் கேட்டு ஓடினால், தெரு மாடுகளெல்லாம் எங்கள் பாதையில் நின்று தரையை நக்கிக்கொண்டிருந்தன. ஹாரனுக்கு ஒரு மாடும் அசையவில்லை. சம்பந்தம் கைநழுவிப் போயிற்று என்றே நினைத்தேன்.

பால்காரம்மா ஓடிவந்து, "இன்னாம்மா, உப்பக் கொட்டி வச்சிக்கினு மாட்ட முறைக்கிற? நக்கி முடிக்காம அது நவுராது!" என்றார். காரிலிருந்த மாப்பிள்ளையின் அம்மா சிரித்துவிட்டார். மாப்பிள்ளையே இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடுகளை விரட்டினார். ஜன்னல் வழியே பார்த்த நாத்தனார், பஜ்ஜி தட்டு வெளியே போகும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டாள்.

புல் சாகவில்லை. அடுத்த மழையில் உப்பு கரைந்தோடி என் கனகாம்பரம்தான் பட்டுப்போனது. இப்போதெல்லாம் மழை விட்டு மண் இளகியிருக்கும்போதே களைக்கொத்தால் புல்லை வேரோடு எடுத்துவிடுகிறேன். உப்பு சமையலுக்கு மட்டும்தான். ஆனாலும் மாப்பிள்ளை வரும்போதெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்று, "இன்னாக்கா, மாடெல்லாம் போயிடுச்சா? உள்ள வரலாமா?" என்று குரல் கொடுக்கிறார்.