மாப்பிள்ளை மேல் புல் வாசனை

நான் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்காரன். குழியில் ஊறிய தோலை எடுத்து மயிர் வழிக்கிற வேலை. அந்த வாசனை குளித்தால் போகாது. எண்ணெய் தேய்த்தால் எண்ணெயும் சேர்ந்து நாறும். வெளியூரில் பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் காப்பி வருவதற்கு முன்பே ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இரண்டிலிருந்தும் பதில் வரவில்லை. மேல்விஷாரம் பக்கம் தரகர் ஓர் இடம் சொன்னார். இதுவும் தட்டிப்போனால் நான் கட்டைப் பிரம்மச்சாரிதான் என்று அண்ணன் தீர்ப்பே எழுதிவிட்டார்.

அண்ணனுக்கு மாதனூரில் கழனி இருந்தது. ஷாப்புக் கழிவுத் தண்ணீர் பாய்ந்து அதில் பாதி உப்புப் பூத்துக் கிடந்தது. விவசாய இலாகா ஆசாமி ஒருவர் சைக்கிளில் வந்து, ஸ்வீட் க்ளோவர் என்று ஒரு பை விதை கொடுத்தார். பார்க்க வெந்தயச் செடி மாதிரி இருக்கும். உப்பு மண்ணிலும் வளரும், வேர் முடிச்சுகளில் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வைக்கும், பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் மண் தேறும் என்றார். கொஞ்சம் காயவைத்து மாட்டுக்கும் போடலாமாம். ஆனால் ஈரத்தோடு குவித்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டால், தின்ற மாட்டுக்கு ரத்தம் உறையாமல் ஒழுகியே உயிர் போகும் என்று பயமுறுத்திவிட்டும் போனார்.

அண்ணன் பயந்த சுபாவம். ஒரு கட்டு அறுத்துப் பாறையில் போட்டு அப்பளம் போல நொறுங்கும்வரை காயவைத்தார். பச்சையில் சாதுவாக இருந்த செடி, காயக் காய மணக்கத் தொடங்கியது. பாதாம் அல்வா கிண்டுகிற வீட்டைத் தாண்டிப் போவது போல இருந்தது. அதில் கூமரின் என்று ஒரு சத்து உண்டு, செடி வாடும்போதுதான் அது பிரிந்து வெளியே வரும், சீமையில் துணிப்பெட்டியில்கூடப் போட்டு வைப்பார்கள் என்று அந்த ஆசாமி அடுத்த முறை வந்தபோது விளக்கினார். அண்ணன் உடனே என் பக்கம் திரும்பினார்.

என் சட்டையும் வேட்டியும் ஒரு வாரம் டிரங்குப் பெட்டியில் அந்தக் காய்ந்த புல்லுக்குள் கிடந்தன. மாடு தின்றது போக மிச்சமிருந்ததைக் கிளம்பும்போது என் சட்டைப் பையில் திணித்தார். எப்போதும் நான் ஏறினால் ரயிலில் பெஞ்சு காலியாகும். அன்று ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் அண்ணனும் நானும் வாலாஜா ரோடு வரைக்கும் நின்றுகொண்டே போனோம்.

பெண்ணின் அப்பாவும் ஒரு ஷாப்பில் மேஸ்திரி என்பதைத் தரகர் எங்களுக்குச் சொல்லவே இல்லை. மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினார். எழுந்து வந்து அடுத்த பக்கமும் உறிஞ்சினார்.

"இன்னா வேலன்னு சொன்னீங்க?"

"சுண்ணாம்புக் குழிங்க."

"நானும் அந்தக் குழியில கெடந்து வந்தவன்தான். குழிக்காரன் மேல இந்த வாசன வராது." அண்ணனிடம் திரும்பினார். "பெரிய பொண்ணுக்கும் இப்டித்தான் அத்தர் பூசிக்கினு ஒருத்தன் வந்தான். ஷாப்புல வேலன்னான். இன்னி வரைக்கும் ஊட்ல குந்திக்கினு சோறு துன்றான்."

நாறியதால் இரண்டு சம்பந்தம் போனது. மணப்பதால் மூன்றாவதும் போகப்போகிறது.

"அத்தர் இல்லீங்க, புல்லு," என்ற அண்ணன், உப்பு மண், வேர் முடிச்சு, கூமரின் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார்.

"புல்லுன்னா மாட்டுக்குத் தெரியும். சட்டையக் கயட்டுங்க மாப்ள."

கழற்றிக் கொடுத்தேன். வாசலில் கட்டியிருந்த பசுவின் முன்னால் அதை நீட்டினார். பசு முகர்ந்து பார்த்தது. பையைக் கவ்வியது. பையோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அண்ணன் பாய்ந்து இழுத்ததில் சட்டையின் ஒரு கை மட்டும் அவரிடம் மிஞ்சியது.

வெற்றுடம்போடு வெயிலில் நின்றேன். வேர்த்துக் கொட்டியது. சுண்ணாம்பும் ஊறல் தோலுமாக என் பல வருஷத்துச் சரக்கு மெதுவாகக் கிளம்பி வாசலை நிறைத்தது. மேஸ்திரி கண்ணை மூடி நன்றாக மூச்சை இழுத்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"இது ஷாப்பு," என்றார். "இதுக்கு வேஷம் போட முடியாது. உள்ள வாங்க."

என் நாற்றத்தை மெச்சி ஒரு மனிதர் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேஸ்திரி உள்கதவுப் பக்கம் திரும்பி, சம்மதமா என்று மகளைக் கேட்டார்.

குரல் மட்டும் வந்தது. "பொறந்ததுலேர்ந்து ஊட்ல ஷாப்பு வாசனதான் நைனா. அந்தப் புல்லு அவங்க ஊர்ல ஜாஸ்தி இருக்குதா? அதக் கேளு."

அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூத்துவிட்டது என்று கழனி முழுவதையும் போன வாரமே மடக்கி உழுதாயிற்று. கடைசிப் பிடியைப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஜாஸ்தியாவா," என்றார் அண்ணன். "கால் வெக்க எடம் இல்லீங்க."