குப்பை என்று சொல்லிக்கொடுத்தது

2003 செப்டம்பர் 20, சனிக்கிழமை. காவேரித் தண்ணீர் நாலரைக்கு வந்து ஐந்தேகாலுக்கு நின்றது. தொட்டியும் இரண்டு டிரம்மும் நிரம்பின. பால் பாக்கெட்டில் ஒன்று ஒழுகியதால் பூத்தில் மாற்றி வாங்கினேன். நான் வேலை பார்த்த பள்ளி அலுவலகம் அன்று அரை நாள். மல்லேஸ்வரத்தில் கீரை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது வாசலிலேயே கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் கேட்டது. என் கணவர் மறுபடியும் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தைய வருடம், உகாதி முடிந்த வாரத்தில், அவருக்கு வேலை போயிருந்தது. கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்தான் முதலில் கண்ணில் பட்டார்கள். காலையில் விண்ணப்பங்கள் அனுப்புவார். மீதி நேரத்துக்கு லினக்ஸ். லினக்ஸ் ஒன்றுதான், ஆனால் அதைச் சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள் பலர், ஒவ்வொருவர் தருவதும் ஒரு டிஸ்ட்ரோ என்று எனக்கு விளக்கியிருக்கிறார். கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு சிடி இலவசமாக வரும். ஒன்றில் பிரிண்டர் ஓடாது, இன்னொன்றில் போன் லைன் வழியாக இணையத்தைப் பிடிக்கும் மோடம் இணையாது, எல்லாம் ஓடினால் எழுத்து பார்க்க நன்றாக இருக்காது. எல்லாமே சரியாக அமைந்துவிட்டால் அப்புறம் உட்கார்ந்து என்ன செய்வது என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கும்.

மெயில் படிக்கும் செயலியை மட்டும் அவர் மாற்றவே இல்லை. அதுவும் யார் வேண்டுமானாலும் நிரலைப் பிரித்துப் பார்க்கக்கூடிய இலவசச் செயலி. குப்பை மெயிலைப் பிரித்தெடுக்கும் வசதி அதில் புதிதாக வந்திருந்தது. இது குப்பை, இது குப்பை என்று நாம் காட்டக் காட்ட, அதுவே கற்றுக்கொண்டு தனியாக ஒதுக்கிவிடும். கொஞ்ச நாளில் லாட்டரியும் கடனும் கண்ணில் படாமல் போயின. பிறகு ஒரு நாள், "வருந்துகிறோம்" என்று கம்பெனிகள் எழுதும் பதில்களையும் குப்பை என்று காட்டத் தொடங்கினார். "இதைப் படிச்சா சோறு எறங்க மாட்டேங்குது," என்றார். டிஸ்ட்ரோ மாற்றும் முன் மெயில்களையும், அந்தச் செயலி கற்றதைச் சேர்த்துவைத்திருந்த கோப்பையும் தவறாமல் சிடியில் பதிந்துகொள்வார்.

இரண்டு வாரம் முன்பு, அவரோடு பழைய கம்பெனியில் இருந்த நண்பர், எலெக்ட்ரானிக் சிட்டியில் தான் சேர்ந்திருந்த ஆபீஸில் இவருக்காகச் சொல்லிவைத்திருந்தார். அன்றிலிருந்து காலையும் மாலையும் மெயில் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

அந்த நண்பர் அன்று நான்கு மணிக்கு வந்தார். புது லினக்ஸ் ஏறி, மெயில்களும் சிடியிலிருந்து திரும்பி வந்திருந்தன.

"என்ன குரு, இது எத்தனாவது கல்யாணம்? யாரோடயும் மூணு மாசம் குடித்தனம் நடத்த மாட்டியா?"

"மூணு மாசமா? போன மாசம் இருந்தவளே வேற," என்றேன்.

"இதுல மோடம் நல்லா புடிக்குது, பாரேன்," என்றார் கணவர்.

நண்பர் திரையைப் பார்க்கவில்லை. "நேத்து பூரா உங்க போனுக்கு அடிச்சேன் சிஸ்டர், எப்பவும் எங்கேஜ்." பிறகு அவரிடம் திரும்பினார். "வியாழக்கிழமை ஏன்பா வரலை? எங்க மேனேஜர் உனக்காக உக்காந்திருந்தாரு."

"எங்க வரணும்?"

"எங்க ஆபீஸுக்கு! இன்டர்வியூன்னு போன வாரமே மெயில் போயிருக்கே. அனுப்பினதை எனக்குக் காட்டினாங்க."

கணவர் குப்பைக் கோப்புறையைத் திறந்தார். ஒரு கடனுக்கும் ஒரு லாட்டரிக்கும் நடுவில் அது இருந்தது. தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி என்று தொடங்கியது. மறுத்து எழுதிய கம்பெனிகளும் அப்படித்தான் தொடங்கியிருந்தன.

"இப்ப போய்ப் பேசிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேற பையனை எடுத்துட்டாங்க சிஸ்டர். நேத்தே ஆர்டர் குடுத்தாச்சு."

கணவர் கடிதத்தை முழுதாகப் படித்தார். "எவ்வளவு கரெக்டா கத்துக்கிட்டிருக்கு பாரு," என்றார். சத்தம் உயரவில்லை. நண்பர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் கணவர் செயலி கற்றதெல்லாம் இருந்த அந்தக் கோப்பை அழித்துவிட்டார், அதன் நகல் இருந்த சிடியை இரண்டாக ஒடித்தார். நான் கீரையை ஆய்ந்தேன்.

மறுநாள் தண்ணீர் வராத நாள். நான் எழுந்து பால் எடுக்கக் கதவைத் திறந்தபோதே மோடம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. வடிகட்ட எதுவும் இல்லாததால் வந்த மெயில் எல்லாம் ஒரே வரிசையில் நின்றது. கடன் தருகிறவன், மாத்திரை விற்கிறவன், லாட்டரிப் பரிசு விழுந்திருக்கிறது என்கிறவன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார்.