ஹே எழுத்தில் நான் அடைத்த சந்து

எனக்கு ஒன்பது வயதில் ஒரு ரகசியம் இருந்தது. அக்கா வீட்டை விட்டுப் போனதற்குக் காரணம் நான்தான். மற்றவர்கள் அப்பாவின் பிடிவாதம் என்றார்கள், அம்மா கொடுத்த செல்லம் என்றார்கள், போட்டாதாங் துறையில் படகுச் சீட்டு கிழித்துக் கொடுக்கும் அந்தப் பர்மியப் பையனின் சிரிப்பு என்றும் சொன்னார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது.

நாங்கள் யாங்கோன் நகரத்துப் பசுந்தாங்கில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். காலையில் கதவுக்கு வெளியே, படிக்கட்டு வந்து முடிகிற இடத்தில் அம்மா கோலம் போடுவாள். சனி ஞாயிறுகளில் அது என் வேலை. கோடு எங்கேயும் சேராமல் நிற்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். திறந்திருந்தால் வீட்டில் உள்ள நல்லதெல்லாம் அந்த வழியாக வெளியே போய்விடுமாம். அக்கா போன அன்று கோலம் போட்டவள் நான். தொலைக்காட்சியில் பொம்மைப்படம் ஆரம்பித்துவிட்டதே என்று ஒரு சுழியைச் சேர்க்காமல் உள்ளே ஓடிவிட்டேன். மத்தியானம் கடைக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை. கணக்குப் போட எனக்கு வேறென்ன வேண்டும்?

பெண் பார்க்க ஆள் வரவிருந்த வாரம் அது. அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. கட்டடமே வேடிக்கை பார்க்க, படிக்கட்டில் நின்று கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி அவள் இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று சத்தியம் செய்தார். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஆட்களில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்பா வருடம் தவறாமல் தீ மிதிக்கிற மனிதர் வேறு. அத்தோடு வீட்டில் அக்கா பேச்சு நின்றது. அம்மா மட்டும் அரிசி களையும்போது பழக்கதோஷத்தில் ஒரு கை கூடப் போட்டுவிட்டு, பிறகு அதை அள்ளி மறுபடி டப்பாவில் கொட்டுவாள்.

நான் என் பங்குக்கு, எதையெல்லாம் மூட முடியுமோ அதையெல்லாம் மூடிக்கொண்டு திரிந்தேன். பர்மிய எழுத்துகளில் பாதி, வாய் திறந்த வட்டங்கள். அவற்றையும் மூடிவிட்டதில் என் பாடநோட்டு முழுக்க ஒரே எழுத்தாகிவிட்டது. வகுப்பில் முட்டி போட வைத்தார்கள். போட்டேன். அக்காவுக்காக அதுகூடச் செய்ய மாட்டேனா?

அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் மாடி ஆன்ட்டி ஒரு பலகையைக் கொண்டுவந்தார். ஆன்ட்டி யூதர். யாங்கோனில் மிச்சமிருக்கும், விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய யூதக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. லத்தா பேட்டைக்குப் பக்கத்திலுள்ள அவர்கள் கோயிலுக்குப் போய்வருவார். வீட்டில் பேசுவது பர்மியம்தான். ஆனால் எங்கள் தெருத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர் என்பதால், தமிழில் எங்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். மழைத்தண்ணீர் ஒழுகி, பலகையில் இருந்த நீல எழுத்து உரிந்து போயிருந்தது. அப்பா பெயிண்ட் வேலை செய்பவர். உள்ளது உள்ளபடி திரும்ப எழுதித் தரும்படி ஆன்ட்டி கேட்டுக்கொண்டார்.

பலகையில் ஒரே ஓர் எழுத்து. மேலே கூரை மாதிரி ஒரு கோடு. அதன் வலது ஓரத்திலிருந்து ஒரு கால் இறங்குகிறது. இடது பக்கம் ஒரு குட்டைக் கால், ஆனால் அது கூரையைத் தொடாமல் தனியாக நிற்கிறது. அப்பா பென்சிலால் ஓரம் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்து, காய வைத்துவிட்டு வேலைக்குப் போனார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். குட்டைக் காலுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து! பண்டிகைக்குப் பண்டிகை எனக்குத் தின்பண்டம் கொடுக்கிற மனுஷி, அவர் வீட்டு நல்லதும் இப்படி ஓடிப்போக வேண்டுமா? தூரிகையை நனைத்தேன், சந்தை அடைத்தேன். வேலை சுத்தமாக இருந்தது. அதை இப்போதும் சொல்வேன்.

மறுநாள் மாலை ஆன்ட்டி வந்தார். அப்பா பெருமையாக, நான் பலகையைச் சுற்றி வைத்திருந்த செய்தித்தாளைப் பிரித்தார். இரண்டு பேர் முகமும் ஒரே நேரத்தில் சுருங்கியது. அப்பா என் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் நீலம். சமையலறையிலிருந்து அம்மாவும் வந்து நின்றாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோலம், சேர்க்காத சுழி, பொம்மைப்படம், அக்கா. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா என்ற சொல் அப்போதுதான் கேட்டது. அடிக்க ஓங்கிய அப்பாவின் கை பாதியில் நின்றுவிட்டது.

ஆன்ட்டி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேசினார், ஆனால் என்னிடம் அல்ல, அப்பாவிடம். இந்த ஹீப்ரு எழுத்துக்குப் பெயர் ஹே. சொல்வதற்கு நாக்கும் வேண்டாம், உதடும் வேண்டாம், மூச்சு விட்டால் போதும். அந்த மூச்சில்தான் கடவுள் இந்த உலகத்தைச் செய்தார் என்பது அவர்கள் பெரியவர்களின் நம்பிக்கை. ஆன்ட்டியின் தகப்பனார் தினமும் காலையில் இந்தப் பலகைக்கு எதிரே சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். எழுத்தின் அடிப்பக்கம் திறந்து கிடக்கிறதே, அது ஏன்? மனிதன் தன் இஷ்டத்துக்கு விடப்பட்டவன், தவறி விழுந்தால் அந்த வழியாக விழுவான். மேலே இருக்கும் சின்னச் சந்து, விழுந்தவன் திரும்பி வருவதற்கு.

அப்பா எதையும் லேசில் ஒப்புக்கொள்கிறவர் அல்ல.

"கீழ அவ்வளவு பெரிய வழி இருக்கேங்க. விழுந்தவன் அதுலயே ஏறி வந்துட்டுப் போறான். மேல தனியா ஒரு சந்து எதுக்கு?"

"போன வழியாவே வர முடியுமா? வர்றவங்களுக்குக் கால் கூசும், உள்ள இருக்கறவங்களுக்கு ரோஷம் எறங்காது. வேற வழி ஒண்ணு நாமதான் வச்சிருக்கணும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்பா பிளேடை எடுத்து, நான் பூசிய நீலத்தை மட்டும் மெல்லச் சுரண்டினார். ஒரு விரல் அளவு இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இத்தனை மாதமாக நான் அக்கா திரும்பி வருகிற வழியை அல்லவா அடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! சனிக்கிழமை கோலத்தில், இடது பக்கம் மேலே, வேண்டுமென்றே ஒரு சந்து விட்டேன். அம்மா பார்த்தாள், அதை மூடாமல் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பாவுக்கோ அந்த வாரம் முழுக்க வேறு கிறுக்கு. எங்கள் சமையலறைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் குப்பை கொட்டும் பின்சந்துக்கு இறங்குகிற இரும்புச் சுழல்படி. எலி வருகிறது என்று நான் பிறப்பதற்கு முன்பே ஆணி அடித்து, மேலே பெயிண்ட் பூசி, சுவராகவே ஆக்கிவிட்ட கதவு அது. தினமும் வேலை முடிந்து வந்து அதனோடு மல்லுக்கட்டினார். ஆணிகளைப் பிடுங்கினார், கீலுக்கு எண்ணெய் விட்டார். எதற்கு என்று கேட்டால் காற்று வரட்டும் என்றார். பிறகு கீழே இறங்கி, அந்த நாற்றம் பிடித்த சந்தைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். வெள்ளிக்கிழமை காலை ஆன்ட்டி மீன் வாங்கப் போட்டாதாங் துறைக்குப் போனார். வெறுங்கையோடு வந்து அம்மாவிடம் ஏதோ சொன்னார், அம்மா சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்து, அன்றைக்கும் கோலத்தில் விட்டிருந்த சந்துக்கு நேராக வாசலில் உட்கார்ந்துகொண்டேன். படியில் யார் ஏறினாலும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் போடுகிறவர் வந்தார், எதிர்வீட்டுப் பையன் வந்தான். பதினோரு மணிக்கு, வீட்டுக்குப் பின்னால் இரும்புப் படி அதிர்ந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால், பின்கதவில் அக்கா. கன்னத்தில் பர்மியப் பெண்கள் மாதிரி தனாக்கா மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்தாள், லுங்கிக்கு மேலே வயிறு நன்றாகத் தெரிந்தது. இரண்டு படி கீழே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பர்மியப் பையன். அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அப்பா யாரையும் பார்க்காமல், ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு நாற்காலியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம்தான். கூடவே கோபமும் வந்தது. நான் முன்னால் ஜோராக வழி விட்டுக் காத்திருக்க, இவள் குப்பைச் சந்து வழியாக வருவாளா?

"முன்னாடிதான் வாசல் இருக்குல்ல? ஏன்க்கா இப்படி வந்தே?"

அப்பா நாற்காலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"முன்கதவுல பெயிண்ட் ஈரமா இருக்கும்மா."

நான் விடுவேனா? ஓடிப்போய் உள்ளங்கையால் கதவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். போன தீபாவளிக்கு அடித்த பெயிண்ட் அது. கையை எல்லோருக்கும் விரித்துக் காட்டி, அப்பா பொய் சொல்கிறார் என்று அறிவித்தேன். அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கற்பூரம் அடித்தது வாசற்படிக்குத்தான், பின்கதவுக்கு அல்ல என்பது எனக்கு உறைக்க இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்றைக்கு நான், ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தும் ஒருவர்கூடப் பாராட்டவில்லையே என்று மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.